சுக்குக் காப்பியில் ஒரு சொட்டு

போதுராஜா தோட்டத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தான். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. அந்த இடது காலை ஏதோ கம்பி கிழித்து, வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ரத்தச் சுவடு விழுந்திருந்தது. மனுஷனோ ஒன்றுமே நடக்காதது போல முகம் கழுவிக்கொண்டு, ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

பவுன்தாய்க்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"ஏங்க, இன்னொரு செருப்ப யாருக்குத் தானம் குடுத்துட்டு வந்தீக?"

அவன் குனிந்து பார்த்தான். பார்த்த பிறகுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது. "அட, எங்கிட்டுக் கழண்டுச்சுன்னே தெரியலயே," என்றான். பிறகு காலைத் தூக்கி, பக்கத்து வீட்டுக்காரன் காலைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரத்தம் வருது. ஆனா வலிக்கல புள்ள."

பவுன்தாயின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. காயத்தைக் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டும் சாக்கில், அவன் பெருவிரலை நகம் பதியக் கிள்ளிப் பார்த்தாள். அவன் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்னா கொழம்பு?" என்று கேட்டான். கத்தரிக்காய்க் குழம்பு என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் அடுப்பு முன்னால் நின்றாள். ஏன் அவன் காலில் உணர்ச்சி இல்லை என்று ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும் என்று தோன்றியது. தோன்றியதை அப்போதைக்கு மனசின் ஒரு மூலையில் தள்ளிவிட்டு, குழம்பைக் கிண்டினாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்தில் தை மாதத்தில்கூட மின்விசிறி நிற்பதில்லை. பனி என்பது மேற்கு மலை உச்சியோடு சரி, கீழே இறங்குவதை எப்போதோ மறந்துவிட்டது. மனுஷன் எப்படியோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்வான். திராட்சைக் கொடி அப்படி இல்லை. கவாத்து செய்து கிளையை வெட்டிவிட்டபின், மொட்டு கண் திறக்க அதற்கு ஒரு குளிர் வேண்டும். குளிர் படாத கொடி பந்தலில் வெறும் குச்சியாகத் தொங்கும். பாதி மொட்டு முழிக்கும், பாதி முழிக்காது, விவசாயி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதற்காக வந்ததுதான் நீலம். "குளிர்காலம் வந்து போயாச்சு, எந்திரி" என்று கொடியிடம் கூசாமல் பொய் சொல்லும் மருந்து. கம்பெனிக்காரன் வாயில் நுழையாத ஒரு பெயரை டப்பாவில் அச்சடித்திருந்தான். தடவிய மொட்டு எது, தடவாத மொட்டு எது என்று அடையாளம் தெரிவதற்காக அதில் நீலச் சாயம் சேர்த்திருந்ததால், ஊர் அதற்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டது. தண்ணீர் பாய்ச்சவும் பூச்சி பார்க்கவும் பறக்கும் இயந்திரங்கள் இருந்தன. ஆனால் வெட்டிய கிளையின் கணுவில் இருக்கும் மொட்டைத் தேடிப் பிடித்துத் தடவ அவற்றுக்குத் துப்பில்லை. ஆகவே ஆண்கள் பந்தலுக்கடியில் அண்ணாந்து நின்று, பஞ்சு சுற்றிய குச்சியை நீலத்தில் தோய்த்து, மொட்டு மொட்டாகப் பொட்டு வைத்தார்கள். கையுறை போட்டார்கள். கையுறையில் வேர்த்தால் கழற்றினார்கள்.

கவாத்து முடிகிற நாளில் தோட்டக்காரர் ஆட்களுக்குப் பாட்டில் வாங்கிக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். நீலம் வந்த முதல் வருஷம் அப்படித்தான் வாங்கிக் கொடுத்தார்கள். முதல் கிளாஸ் இறங்கியதும் அத்தனை பேர் முகமும் செம்பருத்தி மாதிரி சிவந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, வாந்தி எடுத்தார்கள், சிலர் பந்தல் காலைக் கட்டிக்கொண்டு "நான் போறேன், பிள்ளைகளப் பாத்துக்கங்க" என்று அழுதார்கள். கள்ளச்சாராயம் என்று நினைத்து அதிகாரிகள் வந்து பாட்டிலைச் சோதித்தார்கள். பாட்டிலில் ஒரு குறையும் இல்லை. நீலம் உடம்பில் இருக்கிறவன் குடித்தால் அப்படித்தான் ஆகும் என்று பிறகுதான் தெரிந்தது. பழைய மருந்துகளிலும் இந்தக் குணம் உண்டு, ஆனால் சில நாளில் போய்விடும். நீலம் அப்படிப்பட்டதில்லை. ஒரு தடவை உள்ளே போனால் மாதக்கணக்கில் ஈரலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டது.

வருஷம் திரும்புவதற்குள் ஊரில் மதுக்கடை ஈயாடியது. அப்புறம் மூடினார்கள். அந்தக் கட்டிடத்தில் இப்போது திராட்சை ஜூஸ் விற்கிறார்கள்.

ஆண்கள் துக்கம் கொண்டாடினார்கள். பெண்கள் வெளியே சொல்லவில்லை, நீல டப்பாவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள்.

அதற்கு முந்தைய காலத்தைப் பவுன்தாய் இன்னும் மறக்கவில்லை. மகளிர் குழு முதன்முதலாகக் கடன் எடுத்து வாங்கியது ஒரு தள்ளுவண்டி. காய்கறி விற்க என்று சொல்லித்தான் வாங்கினார்கள். ஆனால் பொழுது சாய்ந்தால் அதைத் தள்ளிக்கொண்டு போய், அவரவர் புருஷனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வரத்தான் அது பயன்பட்டது. போதுராஜா குடித்தால் அடிக்க மாட்டான். அழுவான், கட்டிப்பிடிப்பான், இருக்கிறதையெல்லாம் சினேகிதக்காரனுக்குத் தூக்கிக் கொடுப்பான். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. மகள் தேன்மொழிக்கு மூன்று வயசில் காய்ச்சல் கண்டு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. ஆட்டோ கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஓடியவன் திரும்பி வரவில்லை. வழியில் கடை இருந்தது. பவுன்தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உத்தமபாளையம் வரைக்கும் நடந்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது, ஒரு காது மட்டும் போய்விட்டது. தேன்மொழி இன்று கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறாள், போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பாள். அந்த நாளைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசியதில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் நீலம் வந்து புருஷனைத் திருப்பிக் கொடுத்தது. இத்தனை வருஷம் கழித்து அவன் பேசுவான் என்பதே அவளுக்குத் தெரியவந்தது. கேலி பேசுவான், பாத்திரம் கழுவுவான், அவள் தலைவலி என்று படுத்தால் கஞ்சி காய்ச்சி உப்புப் போட மறந்துபோவான். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது என்று சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். இரண்டு கவாத்துக்கு நடுவில் இடைவெளி நீண்டால் நீலம் உடம்பை விட்டு இறங்கிவிடும். ஒரு ஆடி மாதம் இரண்டு பேர் கடை தேடிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். அன்றைக்கே குழுத் தலைவி ஜக்கம்மா பெண்களைக் கூட்டினாள். ஜக்கம்மா பேசினால் மறுபேச்சு கிடையாது. தோட்டத்தில் காலி டப்பாவைக் கழுவும் தண்ணீரை அவள் ஒரு குப்பியில் பிடித்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுக்குக் காப்பியில் ஒரு சொட்டு. கறுப்புக் காப்பியில் நீலம் தெரியாது, சுக்குக் காரத்தில் ருசியும் தெரியாது. யோசனை நன்றாக வேலை செய்தது. தோட்டப் பக்கமே போகாத டெய்லரின் மனைவியும், கோயில் பூசாரியின் மனைவியும்கூட ஆளுக்கொரு குப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒற்றைச் செருப்புக்கு அடுத்த வாரம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. உத்தமபாளையத்திலிருந்து டாக்டர் நிலோஃபர் வந்திருந்தார். தோட்டத் தொழிலாளிகளுக்கு வரும் வியாதிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். வயசு முப்பதுக்கு மேல் இருக்காது, ஆனால் குரலில் ஒரு தலைமையாசிரியர் இருந்தார். ஆண்களை வரிசையாக உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஊசியால் குத்தினார். பாதிப் பேர், "எப்பம்மா குத்துவீக?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜக்கம்மாவின் புருஷன் கெங்குசாமிக்குக் காலோடு நிற்கவில்லை, விரல் நுனிகளும் மரத்திருந்தன. சட்டைப் பொத்தானை அவரால் போட முடியவில்லை, ஜக்கம்மாதான் போட்டுவிட்டாள்.

விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்தால் அங்கேயே கணக்குச் சொல்லும் கருவி ஒன்று டாக்டரிடம் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

"சுத்துப்பட்டு ஊர் எல்லாத்துலயும் இதே மருந்துதான் தடவுறாங்க. அங்கல்லாம் இவ்வளவு இல்ல. உங்க ஊர்ல மட்டும் ஏன் இப்படி ஏறிக் கெடக்கு?" என்று பொதுவாகக் கேட்டார். பிறகு டெய்லரைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"சட்டை தைக்கிறேம்மா."

"தோட்டத்துக்குப் போவீங்களா?"

"வெயில் ஆகாதும்மா நமக்கு."

"அப்பறம் உங்க ரத்தத்துல எப்படி நீலம்?"

டெய்லர் விழித்தார். கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மேற்கூரையைப் பார்த்தார்கள். அங்கே பார்க்கும்படி ஒன்றும் இல்லை.

பவுன்தாய்க்கு அதற்குமேல் தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து, கால் காயத்தைக் காட்ட வேண்டும் என்று சொல்லிப் போதுராஜாவை உத்தமபாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி வாசலில் அவனை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள். முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"டாக்டரம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். அந்த நீலத்த யாராச்சும் குடிச்சுட்டா என்னா ஆகும்?"

"எவ்வளவு?"

"ஒரு சொட்டுத்தான்."

"ஒரு தடவையா?"

பவுன்தாய் தரையைப் பார்த்தாள். "வெள்ளிக்கெழமதோறும்."

டாக்டர் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்தார். "நீங்க மட்டுமா?"

"எல்லாரும்தான் தாயி."

டாக்டர் கோபப்படுவார், போலீஸைக் கூப்பிடுவார் என்றெல்லாம் பவுன்தாய் எதிர்பார்த்து வந்திருந்தாள். டாக்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதலில் அவளுக்குக் கொடுத்தார்.

"தோல் வழியா போறது கொஞ்சம்தான்க்கா. அதையே தாங்குறதுக்கு உடம்பு கஷ்டப்படும். வாய் வழியா போறது நேரா ஈரலுக்குப் போகும், அங்கேர்ந்து நரம்பக் கடிக்க ஆரம்பிக்கும். ரொம்ப நீளமான நரம்புதான் மொதல்ல போகும், அதான் கால். அப்பறம் கை. அப்பறம் மூச்சு விடுற நரம்பு."

"நிப்பாட்டுனா?"

"இன்னைக்கே நிப்பாட்டுனா திரும்ப வளரும். நகம் வளர்ற வேகத்துல வளரும். பொறுமையா இருக்கணும்."

"நிப்பாட்டுனா அவரு குடிப்பாரே தாயி. உங்களுக்குத் தெரியாது. நான் திரும்பி அந்த வண்டியத் தள்ள மாட்டேன். என்னால ஆகாது."

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "குடிச்சா அதுக்கு வைத்தியம் இருக்கு, நான் இருக்கேன். நரம்பு செத்துட்டா வைத்தியமே கெடையாதுக்கா. மத்தவங்ககிட்டயும் நீங்கதான் பேசணும். நான் வந்து சொன்னா மறைச்சிருவாங்க, நீங்க சொன்னா கேப்பாங்க."

கேட்கவில்லை. பழம் கட்டும் கொட்டகையில் குழு கூடியது. பவுன்தாய் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ஜக்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அந்த டாக்டர் புள்ளைக்கு நரம்பப் பத்தித் தெரியும். எம் புருசன் குடிச்சா என்னா ஆகும்னு தெரியுமா? கையி காலு போச்சுன்னா நான் தூக்கிச் சொமந்துக்குவேன் பவுனு. குடிச்சுட்டு வந்தாத்தான் சொமக்க முடியாது. நான் சொமந்து பாத்தவ."

"எனக்கும் பயமாத்தான்க்கா இருக்கு. ஆனா கறி தெரியக் கிழிச்சிருக்கு, அவரு என்னா கொழம்புன்னு கேக்குறாரு. எங்கையாலயே ஊத்தி அவரக் கொல்ல எனக்கு மனசு வரல."

"அப்ப நாங்கெல்லாம் கொல்றவளுகளா?"

ஒருத்தி அழுதாள், ஒருத்தி பாதியில் எழுந்து போனாள். சிலர் குப்பியைக் கொண்டுவந்து பவுன்தாய் காலடியில் வைத்தார்கள், சிலர் இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்கள். ஜக்கம்மா அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினாள். தெருவில் எதிரே வந்தால் முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை பவுன்தாய் சொட்டு விடாமல் சுக்குக் காப்பி போட்டாள். போதுராஜா டம்ளரை மூக்கருகே கொண்டுபோனான், நிறுத்தினான், அவளை ஒரு பார்வை பார்த்தான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. சுக்கு மாத்திட்டியோன்னு பாத்தேன்."

"அதே சுக்குத்தான்."

அவன் மேலே எதுவும் கேட்காமல் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சாயங்காலம் ஆனால் வாசல்படியில் உட்கார்ந்துவிடுவாள். அவன் வண்டி முக்குத் திரும்பும் சத்தம் கேட்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். துவைக்கிறேன் என்று அவன் சட்டையை வாங்கி மோந்து பார்ப்பாள், பார்த்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்வாள். மதுக்கடை இருக்கும் ஊரில் கல்யாணம் என்றால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும், அவனும் போகாமல் இருந்துவிடுவான். டாக்டர் சொன்னபடி நீலம் தடவுவதை விட்டுக் கொட்டகை வேலைக்கு மாறியிருந்த அவன் ஒரு நாளும் பிந்தி வரவில்லை. நீலம் இன்னும் உடம்பில் மிச்சம் இருக்கிறது, அது தீருகிற நாளில்தான் இருக்கிறது வேடிக்கை என்று அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் குளிக்கும்போது, "ஏ புள்ள, தண்ணி சுடுது!" என்று கத்தினான். காலில் சுடுகிறதாம். அவள் ஓடிப்போய், ஈரக் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவன் சோப்பு நுரையோடு திகைத்துப்போய் நின்றான்.

மறுபடி ரத்தம் பார்க்க உத்தமபாளையம் போனார்கள். இந்தத் தடவையும் அவன் டீக்கடைக்குப் போனான். டாக்டர் கருவியைப் பார்த்துச் சிரித்தார்.

"சுத்தமா போயிருச்சுக்கா. துளிகூட இல்ல."

பவுன்தாய்க்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. "அப்ப இனிமே குடிச்சா அவருக்கு ஒண்ணும் ஆகாது?"

டாக்டர் கருவியை மூடி வைத்தார். "அதப் பத்தித்தான் சொல்லணும்னு இருந்தேன். உங்க ஊரு ரத்தத்தையெல்லாம் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாத்தோம். நீலம் சாராயத்த மறிக்கிறது மொத நாலஞ்சு வருசம்தான். அப்பறம் ஈரல் தானா ஒரு மாத்துப் பாதை போட்டுக்குது. நரம்பக் கடிக்கிற வேலைய மட்டும் அது விடல, மறிக்கிற வேலைய எப்பவோ விட்டுருச்சு. அவரு நாலு வருசமா எப்ப வேணும்னாலும் குடிச்சிருக்கலாம்."

"குடிச்சிருக்காரா?"

"இல்லக்கா. குடிக்கிறவங்க ஈரல் எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும். அவரு குடிக்கிறதே இல்ல. ஏன்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல, அவருகிட்டத்தான் நீங்க கேக்கணும்."

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நீலம் உடம்பில் இருந்தாலும் குடித்தால் ஒன்றும் ஆகாது என்பது அவனுக்குத் தெரியுமா என்று. போதுராஜா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"கெங்குசாமிண்ணனோட சின்னையா செத்தாருல்ல, அந்தக் கேத வீட்ல தெரிஞ்சுச்சு. சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்து ஒரு வீம்புல ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊத்துனோம். ஊத்திக்கிட்டு, எவன் மூஞ்சி மொதல்ல செவக்கப் போகுதுன்னு ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம். ஒருத்தனுக்கும் செவக்கல."

"அப்பறம்?"

"அப்பறம் அண்ணன்தான் சொன்னாரு. 'வீட்ல பொம்பளைக இப்பத்தான்டா நிம்மதியாத் தூங்குறாக, அதக் கெடுத்துராதீக'ன்னாரு. ரெண்டாவது கிளாஸ் யாரும் ஊத்தல."

"எல்லாருமேவா குடிக்காம இருக்கீக?"

"டெய்லர் மாசத்துக்கு ஒருக்கா குமுளிப் பக்கம் துணி எடுக்கப் போறேன்னு போவாப்ல. அது என்னா துணியோ. மத்தபடி எனக்குத் தோணாம இருந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். மொத வருசம் நாக்கு பரபரன்னு வரும். தோட்டத்துலயே சுத்திக்கிட்டுக் கெடந்துட்டு வருவேன்."

பவுன்தாய் திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். "காப்பியில நான் ஊத்துனது?"

"நாளு பூரா அதுலயே கை வச்சவனுக்கு அந்த வாசம் தெரியாதா புள்ள?"

"தெரிஞ்சுக்கிட்டேவா குடிச்சீக? ஏன், வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா என்னா?"

"வேணாம்னு சொன்னா, நான் இனிமே குடிக்க மாட்டேன்னு நீ நம்பணும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னிய நம்பச் சொல்றது? ஆட்டோ கூப்புடப் போனவன்தான நான்."

அந்த நாளைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். பவுன்தாய்க்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பஸ்ஸில் ஆட்கள் இருப்பதையும் பார்க்காமல் அவன் தொடையிலும் முழங்காலிலும் மாறி மாறி அடித்தாள். "கையில அடி புள்ள," என்றான் அவன். "கால்ல அடிச்சா இன்னும் சரியாத் தெரியல." அவள் கையிலும் அடித்தாள். பிறகு அந்தக் கையையே பிடித்துக்கொண்டாள்.

ஊர் நெருங்கும்போதுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. "ஏங்க, கெங்குசாமிண்ணனுக்கும் தெரியும்ல?"

"அவருதான மொதல்ல சொன்னவரு."

"அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் குடிக்கிறாரா? இன்னைக்கும் வெள்ளிக்கெழமைங்க."

பஸ் நிற்பதற்குள் இறங்கி ஓடினாள். போதுராஜா அவளுக்குப் பின்னால் தன் பாதி மரத்த கால்களோடு தடுமாறிக்கொண்டு வந்தான்.

ஜக்கம்மா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கெங்குசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் கைகளால் டம்ளரைப் பிடிக்க முடியாது. ஜக்கம்மா பக்கத்தில் மண்டியிட்டு, காப்பியை ஊதி ஊதி ஆற்றி, குழந்தைக்குப் புகட்டுவது போல அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஊதுவதில் இருந்த பிரியத்தைப் பார்த்துப் பவுன்தாய் ஒரு கணம் வாசலிலேயே நின்றாள். பிறகு போய் டம்ளரைப் பிடுங்கினாள். காப்பி மூன்று பேர் மேலும் சிந்தியது.

"ஏய், என்னாடி நெனச்சுக்கிட்டிருக்க?" என்று ஜக்கம்மா எழுந்தாள்.

வாசலில் வந்து நின்ற போதுராஜாவைப் பார்த்ததும் கெங்குசாமிக்குப் புரிந்துவிட்டது. "பவுனு, சொல்லாதம்மா. விட்ரு," என்றார்.

பவுன்தாய் விடவில்லை. டாக்டர் சொன்னது, கேத வீட்டில் நடந்தது, எல்லாவற்றையும் மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சொன்னாள். "நாலு வருசமா நம்ம ஊத்துனது எதுக்குமே இல்லக்கா. இவுக குடிக்காம இருந்தது இவுகளா இருந்ததுதான்."

ஜக்கம்மா மெதுவாகத் திரும்பினாள். "நெசமாய்யா?"

கெங்குசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"பொத்தான் போட முடியாமப் போச்சே, அன்னைக்காவது வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா? அந்த டாக்டர் வந்து ரத்தத்துல ஏறிக் கெடக்குன்னு சொன்னாகளே, அப்பவாவது? நான் குடுக்கக் குடுக்க நீ பாட்டுக்கு வாயத் தொறந்து குடிக்கிறியே!"

"சொன்னா நீ மறுபடி வாசப்படியில உக்காந்துக்குவ ஜக்கு," என்றார் அவர். "வருசக்கணக்கா நீ அப்படி உக்காந்திருந்தத நான் பாத்துருக்கேன். போதையில இருந்தாலும் அது மட்டும் கண்ணுல நிக்கும். கையி போனா போகுதுன்னு விட்டுட்டேன்."

ஊரையே அடக்கி வைத்திருந்த ஜக்கம்மா சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள். கெங்குசாமி எட்டி, மரத்துப்போன விரல்களால் அவள் கன்னத்தைத் தடவினார். விரல் எங்கே படுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை, காதருகே போனது, மூக்கில் இடித்தது, மறுபடி கன்னத்துக்கு வந்தது.

"ஈரம் போயிருச்சா ஜக்கு?" என்று கேட்டார். "எனக்குத் தெரியல."

"போகலய்யா," என்றாள் ஜக்கம்மா. "தொடச்சுக்கிட்டே இரு."